கேட்டில் நின்றவரின் கால்

ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்னென்ன கட்டினான் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பொள்ளாச்சி ரோட்டில் ஈச்சனாரியைத் தாண்டிப் போனால் இடது கைப்பக்கம் தெரிகிற பம்புக் கம்பெனி என்னுடையது. அதற்குப் பின்னால் இருக்கிற பவுண்டரியும் என்னுடையது. தண்ணீர் கிடையவே கிடையாது என்று மூன்று பேர் உள்ளங்கையில் தேங்காய் வைத்துப் பார்த்துச் சொன்ன இடத்தில் போர் போட்டுத் தண்ணீர் எடுத்தவன் நான். கிணத்துக்கடவுக்கு மேற்கே ஆறு ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. வாங்கும்போது அது வெறும் கல்லாங்காடு. இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்தேன், ஒரு பையனை இன்ஜினீயர் ஆக்கினேன். ஆரம்பத்தில் என்னிடம் இருந்தது இரும்பு கடைகிற ஒரு பழைய லேத்து, அதுவும் வாடகைக்கு எடுத்தது. பங்காளிகள் சிரித்தார்கள். மாமனார் ஒரு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இதையெல்லாம் நான் சொல்லாவிட்டால் வேறு எவனும் சொல்லப் போவதில்லை.

எங்கள் தொழிற்பேட்டை மலரில் போட, வளர்ந்த கதையை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். கை என்னுடையது, பிழை திருத்துவது பேத்தி. எழுத உட்கார்ந்தால் ஒரே ஒரு மனிதர் குறுக்கே வந்து நிற்கிறார். அவரைத் தாண்டி எழுத முடியவில்லை. அதனால் அவரையே எழுதுகிறேன்.

அவர் பெயரை எழுத வேண்டாம் என்று அவர் வீட்டம்மா கேட்டுக்கொண்டது. கம்பெனியில் எல்லோருக்கும் அவர் பட்டாளத்தார். பதினேழு வருஷம் ராணுவத்தில் இருந்து, அவில்தாராக வெளியே வந்து, எட்டு வருஷம் என் கேட்டில் செக்யூரிட்டியாக நின்றார். காக்கிச் சட்டையில் இஸ்திரி மடிப்பு சாயங்காலம் வரைக்கும் கலையாது. எந்த வண்டி வந்தாலும் ஒரு சல்யூட். குஜராத்திலிருந்து பம்பு எடுக்க வந்த வியாபாரி ஒருத்தர், "உங்க வாச்மேனைப் பார்த்ததுமே கம்பெனி மேல நம்பிக்கை வந்துடுச்சு" என்று சொன்னார். அன்றைக்கே கேட்டு ரூமில் கிடந்த நாற்காலியைத் தூக்கி ஸ்டோரில் போடச் சொன்னேன். நின்றால்தானே அழகு. யாராவது கேட்டால், "என்ற கம்பெனில செக்யூரிட்டிக்குச் சேர் கெடையாது" என்று பெருமையாகச் சொல்லுவேன்.

அவர் நாற்காலி எங்கே என்று கேட்கவில்லை. எதையுமே கேட்கிற ஆள் இல்லை. அவரிடம் எதைக் கேட்டாலும் வருகிற பதில் ஒன்றுதான்: "அதொண்ணும் இல்லீங்க."

வெயிலில் நின்று முகம் கருத்துப்போயிருக்கும். "ஏனப்பா, தண்ணி குடிச்சயா?" "அதொண்ணும் இல்லீங்க." காய்ச்சலில் கண் சிவந்திருக்கும். "ஊட்டுக்குப் போயிப் படு." "அதொண்ணும் இல்லீங்க மொதலாளி." ஒருதரம் லாரிக்காரன் ரிவர்ஸ் எடுக்கும்போது பின் சக்கரம் அவர் வலது கால் பெருவிரல் நுனியில் ஏறி இறங்கிவிட்டது. டிரைவர் குதித்து வந்து கும்பிடுகிறான். இவர் அவனைத் தேற்றுகிறார்: "நீ போ சாமி, ஒண்ணும் ஆகல. கேட்டு முட்டாம பாத்து எடு." நான் மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படி ஒரு ஆள் எனக்குக் கிடைத்தானே என்று நெஞ்சு நிறைந்துபோயிற்று. உண்மையைச் சொல்கிறேன், அப்படித்தான் நினைத்தேன்.

செருப்பு விஷயத்தில்தான் பையன்கள் அவரைக் கேலி பண்ணுவார்கள். டெலிவரி சீட்டில் கையெழுத்து வாங்க கேட்டிலிருந்து ஆபீசுக்கு நடந்து வருவார். வந்து நிற்கும்போது ஒரு காலில்தான் செருப்பு இருக்கும். மற்றது பாதி வழியில் கழன்று கிடக்கும். அவருக்குத் தெரியாது. பேக்கிங்கில் இருக்கிற பெண்கள் கத்துவார்கள்.

"ஏனுங்க பட்டாளத்தாரே, ஒரு செருப்பு லீவுல போயிருச்சுங்களா?"

"அது பின்னால பாதுகாப்புக்கு நிக்குதம்மணி" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவர் திரும்பி நடந்து போய், குனிந்து, கையால் காலைப் பிடித்து, காலை வேறு யாருடையதோ மாதிரி அந்தச் செருப்புக்குள் நுழைப்பார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. வேலை முடிந்து கிளம்பும்முன் கேட்டு ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து நிமிஷம் இருப்பார். சாமி கும்பிடுகிறார் என்று நினைத்திருந்தோம். ஒருநாள் கதவைத் தட்டாமல் திறந்துவிட்டேன். தரையில் ஒரு சவரக் கண்ணாடியை வைத்து, அதற்கு மேலே பாதத்தைத் தூக்கிப் பிடித்து, உள்ளங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அப்படியே எழுந்து அட்டென்ஷனில் நின்றுவிட்டார். கண்ணாடி உடைந்தது. உடைந்த கண்ணாடியின் மேலேதான் நின்றுகொண்டிருந்தார்.

"ஏப்பா, கீழ பாரு!"

"அதொண்ணும் இல்லீங்க" என்றார், கீழே பார்க்காமலே.

அன்றைக்குத்தான் அவரை என் காரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண்ணாடிச் சில்லை எடுத்த டாக்டர் அதோடு விடவில்லை. பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். கணுக்காலில் விரல் வைத்து நாடி தேடினார். ஊசியால் குத்தினார். இரண்டு நாள் டெஸ்டெல்லாம் எடுத்துவிட்டு என்னையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்: பாதத்து நரம்பு செத்துப்போயிருக்கிறது, முழங்காலுக்குக் கீழே ரத்த ஓட்டமும் குறைவு, சர்க்கரை இல்லை, பீடி சிகரெட் இல்லை, எப்படி வந்தது?

பட்டாளத்தார் என்னைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். வடக்கே பனிமலையில் ஒரு காவல் சாவடி. பூட்ஸுக்குள் தண்ணீர் இறங்கி உறைந்துவிட்டது. மாற்றிவிட வரவேண்டியவர்களால் பனிப்புயலில் வர முடியவில்லை. பூட்ஸைக் கழற்றியபோது பத்து விரலும் மெழுகு மாதிரி வெளுத்திருந்தன. கூட இருந்த மருத்துவ உதவியாளர் பவானிக்காரர், நம்ம பக்கத்து ஆள். அவர் தன் சட்டையை அவிழ்த்து இவருடைய பாதம் இரண்டையும் தன் வயிற்றோடு வைத்துப் பிடித்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார். கால் கறுத்துப்போகாமல் தப்பியது. ஆனால் அதற்குப் பிறகு உணர்ச்சி பாதிதான் திரும்பியது.

"ரிப்போர்ட்டு இருக்குமே?" என்றார் டாக்டர்.

"எழுத வேண்டாம்னு நாந்தானுங்க சொன்னேன். எழுதுனா மெடிக்கல் கேட்டகிரி எறங்கிரும். அவில்தார் கோர்ஸுக்கு அனுப்ப மாட்டாங்க."

அதற்குப் பிறகு வருஷா வருஷம் வருகிற உடல் பரிசோதனையில் எப்படித் தேறினீர்கள் என்று டாக்டர் கேட்டார். பட்டாளத்தார் முகத்தில் முதல் தடவையாக ஒரு சின்னக் குறும்பைப் பார்த்தேன். தட்டினால் ரீங்காரம் போடுகிற ஒரு இரும்புக் கவையை எலும்பில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று கேட்பார்களாம். கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். காலுக்குத் தெரியாவிட்டால் என்ன, காதுக்குக் கேட்குமே. சத்தம் இருக்கிறவரை "இருக்குது சார்", சத்தம் நின்றால் "நின்னுபோச்சு சார்". ஊசியால் குத்தும்போது டாக்டரின் சட்டைக் கை உரசுகிற சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவாராம். இதிலேயே பத்து வருஷத்தை ஓட்டியிருக்கிறார். கடைசியில் வெளியே வரும்போது, உனக்கு ஏதாவது உடல் குறை இருக்கிறதா என்று கேட்கிற தாளிலும் இல்லை என்று கையெழுத்து. இருக்கிறது என்று எழுதியிருந்தால் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் வைத்துவிடுவார்கள். ஊரில் அக்கா மகளுக்குச் சீர். தாய்மாமன் போய்ச் சேலை வைக்காமல் எப்படி?

நான் சும்மா இருக்கிற ஆளா? திரும்பி வருகிற வழியிலேயே சொல்லிவிட்டேன், இதை விடக்கூடாது, ராணுவத்தில் ஊனமானவர்களுக்கு உண்டான உரிமையைக் கேட்டு மனுப் போட வேண்டும் என்று. அவருக்கு மனமே இல்லை. "பென்சன் வருதுங்களே மொதலாளி" என்றார். பிறகு சிக்னலில் வண்டி நிற்கும்போது மெதுவாக, "காசு கெடக்குதுங்க. இது அங்க வந்ததுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும்" என்றார்.

"ஒரு வரி எதுக்கப்பா?"

"எங்கூட்டுல கேக்கறாளுங்க, செருப்பு கழண்டது கூடத் தெரியாம அப்படி என்னதான் யோசனைன்னு. பொண்ணு கலியாணத்துல எலை போடறப்ப நான் ஒரு சின்னக் கொழந்தையோட கைய மிதிச்சுப்போட்டேன். அது வீல்னு கத்துது, எனக்குத் தெரியவே இல்லீங்க. சம்பந்தி ஊட்டுக்காரங்க குடிச்சிருக்கறாருன்னு பேசிக்கிட்டாங்க. ஒரு வரி இருந்தா எடுத்துக் காட்டலாமில்லீங்க."

அந்த ஒரு வரிக்காகத்தான் அத்தனையும்.

முன்னாள் படைவீரர் அலுவலகத்தில் ஒரு நல்ல கிளார்க் இருந்தார். என்னென்ன தாள் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அதில் கடைசியாக, இப்போது வேலை செய்கிற இடத்திலிருந்து ஒரு சான்றிதழ். அட, அது என் வேலை! ஆபீசில் டைப் அடிக்கிற பெண்ணைக் கூப்பிட்டு உட்காரவைத்து, நானே வாயால் சொன்னேன். இவர் என் நிறுவனத்தின் தூண். தினமும் பன்னிரண்டு மணி நேரம் உட்காராமல் நிற்கிறார். எட்டு வருஷத்தில் ஒருநாள்கூட உடம்பு சரியில்லை என்று விடுப்பு எடுத்ததில்லை. இவருக்கு இணையான திடகாத்திரமான ஆளை நான் பார்த்ததில்லை.

அந்தப் பெண் விரலை நிறுத்திவிட்டது. "ஏனுங்க, இது காலு செரியில்லைன்னு கேக்கற மனுவுக்குத்தானுங்களே?"

"அதனாலதான் அம்மணி! இப்பேர்ப்பட்ட ஆளுக்குக் குடுக்காம யாருக்குக் குடுப்பாங்க?"

நான் வளர்ந்த விதம் அப்படி. பாங்கில் போய் என் தொழில் நொடித்துப்போச்சு என்று சொன்னால் எவன் கொடுப்பான்? என் லேத்து ராத்திரி பகல் ஓடுகிறது என்றால்தான் கொடுப்பான். கேட்கிற இடத்தில் தெம்பாகக் கேட்க வேண்டும், ஆளைத் தூக்கிக் காட்ட வேண்டும். நான் கண்ட உலகத்தில் அதற்குத்தான் பலன் இருந்தது. பலவீனத்தைக் காட்டி வாங்குகிற இடம் ஒன்று இருக்கும் என்று எனக்கு எவனும் சொல்லித் தரவில்லை. கம்பெனி சீல் குத்தி, அடியில் பெரிதாகக் கையெழுத்துப் போட்டேன்.

மெடிக்கல் போர்டுக்கு அவரை ராணுவ ஆஸ்பத்திரிக்கு நான்தான் காரில் அழைத்துப் போனேன். வெளியே புங்க மரத்தடியில் மூன்று மணி நேரம் காத்திருந்தேன். நடந்து வந்தார். நடையில் ஒரு மிடுக்கு.

"என்ன கேட்டாங்க?"

"எல்லாந்தானுங்க. நல்ல மனுசங்க. டீ கூடக் குடுத்தாங்க."

"கால்ல டெஸ்டு பண்ணுனாங்களா?"

"பண்ணுனாங்க. எல்லாத்துக்கும் செரியாச் சொல்லிப்போட்டனுங்க."

"செரியான்னா?"

அவர் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்திலிருந்து மிடுக்கு மெதுவாக இறங்குவதை நான் பார்த்தேன்.

"கவையத் தட்டி வெச்சாங்களா?"

"வெச்சாங்க."

"என்ன சொன்ன?"

"கண்ண மூடுன்னாங்க. மூடுனேன். சத்தம் கேட்டுச்சு. 'இருக்குது சார்'னு..." குனிந்து தன் பாதத்தைப் பார்த்தார். "பழக்கமாப் போச்சுங்க மொதலாளி. யூனிபாரம் போட்டவரு கேட்டா வாயி தானா வந்துருது."

"அட மடையா!" என்று கத்தினேன். "இல்லைன்னு சொல்லத்தானப்பா இத்தன தூரம் கூட்டியாந்தேன்! உள்ள போ. போயி, தப்பாச் சொல்லிப்போட்டேன்னு சொல்லு."

"அதெப்படீங்க? அப்பப் பத்து வருசமாச் சொன்னதும் பொய்யின்னு ஆயிருமுங்களே."

உள்ளே போய் உண்மையைச் சொன்னால் பழைய பரிசோதனையெல்லாம் ஏமாற்று. சொல்லாவிட்டால் கால் நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடும். அவர் காரில் ஏறினார். திரும்பி வருகிற வழி முழுக்க, முழங்காலில் கையை வைத்து, பரிசோதனைக்கு நிற்கிற மாதிரியே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

சில மாதம் கழித்துக் கடிதம் வந்தது. டைப் அடிக்கிற பெண்தான் படித்துத் தமிழில் சொன்னது. பாதத்தில் உணர்ச்சி இருப்பதாகச் சோதனையில் தெரிகிறது. ரத்த ஓட்டத்தில் குறைபாடு உண்டு, அதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் பணிக்காலத்தில் எந்தப் பதிவும் இல்லை. மனுதாரர் ஓய்வுக்குப் பிறகு தினமும் பன்னிரண்டு மணி நேரம் உட்காராமல் நின்று செய்யும் வேலையில் இருப்பதாக அவருடைய முதலாளியே சான்றளித்திருக்கிறார். ஆகவே இது படைப்பணியால் வந்ததாகக் கருத இயலாது.

படித்துவிட்டு அந்தப் பெண் என்னைப் பார்க்கவில்லை. பட்டாளத்தார் பார்த்தார். "அவுங்க சொல்றதும் ரைட்டுதானுங்களே. கையில இருக்கற தாளத்தான பாக்க முடியும்" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். எனக்கு!

நல்லது சொல்லப் போய்க் கெடுத்துவிட்டேன், அதைச் சரிபண்ணுவதும் என் பொறுப்பு என்று இறங்கினேன். கோயமுத்தூரில் ராணுவ வழக்கெல்லாம் பார்க்கிற ஒரு வக்கீலம்மாவைப் பிடித்தேன். அந்தம்மா சொன்னது, கேஸ் போடலாம், பவானிக்காரர் ஒரு கடிதம் கொடுத்தால் பாதி ஜெயித்த மாதிரி. நான் காரை எடுத்துவிட்டேன். பட்டாளத்தார் பின்னாலேயே வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"நானும் வாரனுங்க. ஆனா ஒண்ணு, நானாக் கேட்டாக் கேக்கறேன். நீங்க வாயத் தொறக்கக் கூடாது. அவன் ரெஜிஸ்டர்ல எழுதாம உட்டது தப்பு. இப்ப எழுதிக் குடுத்தா அவனுக்கு வம்பு."

ஒப்புக்கொண்டேன். பவானியில் அந்தப் பழைய மருத்துவ உதவியாளர் ஜமக்காளக் கடை வைத்திருந்தார். இருவரும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். எங்களை ஜமக்காளத்தில் உட்காரவைத்து டீயும் மிக்சரும் கொடுத்தார். அந்தக் காலத்துச் சமையல்காரர், ஒரு கழுதை, ஒரு சர்தார்ஜி மேஜர், எல்லாரைப் பற்றியும் பேசினார்கள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். பவானிக்காரர் நடுவில் ஒருதரம், "காலு எப்படிறா இருக்குது?" என்று கேட்டார். நான் டீ டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அதொண்ணும் இல்லடா. என்னமா நிக்குது பாரு!" என்று எழுந்து நின்றே காட்டினார்.

வாக்குக் கொடுத்துவிட்டேன், வாயைத் திறக்க முடியவில்லை. ஒரு ஜமக்காளம் வாங்கிக்கொண்டு திரும்பினோம்.

அடுத்த வாரம் ஸ்டோரிலிருந்து நாற்காலியை நானே தூக்கிக்கொண்டு போய்க் கேட்டில் போட்டேன். உட்காரச் சொன்னேன். நான் இருக்கிறவரை உட்கார்ந்தார். ஜன்னலிலிருந்து பார்த்தால் நாற்காலி மேலே வருகைப் பதிவேடு இருக்கும், பக்கத்தில் இவர் நின்றுகொண்டிருப்பார். திட்டினால், "வண்டி வருதுங்களே" என்பார். சான்றிதழில் எழுதினதைப் பொய்யாக்கக் கூடாது என்று அவர் நினைத்தாரோ என்னவோ. நான் எழுதின தாளுக்குள்ளேயே அவரை நிற்கவைத்துப் பூட்டிவிட்ட மாதிரி இருந்தது.

லாரி ஏறின அந்தப் பெருவிரலில் புண் வந்தது. வலிக்கவில்லை, அதனால் சொல்லவில்லை. விரலை எடுத்தார்கள். பிறகு பாதத்தில் பாதியை எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். கட்டிலில் படுத்திருந்தவர் என்னைக் கண்டதும் எழப் பார்த்தார்.

"படு, கண்ணு, படு" என்றேன். என்னைவிடப் பதினைந்து வருஷம் இளையவர். அப்படி அவரை அதற்கு முன்னே கூப்பிட்டதில்லை.

"கேட்டுல யாருங்க நிக்கறாங்க?" என்று கேட்டார்.

அதுதான் எங்கள் கடைசிப் பேச்சு. பத்து நாளில் இறந்துவிட்டார். ரத்தம் எங்கேயோ உறைந்து நெஞ்சுக்கு ஏறிவிட்டது என்றார்கள்.

காரியம் முடிந்து மூன்றாம் மாதம் அவர் வீட்டம்மா கம்பெனிக்கு வந்தது. நாற்காலி போட்டும் உட்காரவில்லை, அந்தக் குடும்பமே அப்படி. "கேசை நான் நடத்தறனுங்க" என்றது. "அவரு யாரையும் கேக்க வேண்டாம்னாரு. நான் கேப்பனுங்க. ஏனுங்க இப்படிக் கண்ணு தெரியாத மாடாட்டம் நடக்கறீங்கன்னு இருவது வருசம் அவரத் திட்டியிருக்கறேன். அந்த ஒரு வரி இனி எனக்கு வேணுமுங்க."

அந்தம்மா தனியாக பஸ் ஏறிப் பவானிக்குப் போய்க் கேட்டது. பவானிக்காரர் அழுதுகொண்டே எழுதிக் கொடுத்தாராம்: "கடைக்கு வந்தன்னைக்கே கேட்டிருந்தான்னா குடுத்திருப்பனே தங்கச்சி." ஆக, பனிமலையில் நடந்ததற்கு ஒரு சாட்சி கிடைத்தது. ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்ததற்குத் தாள் இருக்கிறது. நடுவில் இருக்கிற எட்டு வருஷம்தான் ஓட்டை. அந்த எட்டு வருஷமும் என் கேட்டில் நின்றதால்தான் கால் போயிற்று என்று அவர்கள் சொன்னால், இல்லை, கேட்டில் நிற்பதற்கு முன்பே கால் செத்துத்தான் இருந்தது என்று யார் சொல்ல முடியும்?

நான் சொல்ல முடியும். என்னைத் தவிர யாரும் சொல்ல முடியாது.

அவர் வேலை கேட்டு வந்த நாள். ராணுவத்திலிருந்து வந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது, அக்கா மகள் சீரின் சந்தனம்கூட ஜேபியில் ஒட்டியிருந்தது. முதலாளியைப் பார்க்கப் போகிறோம் என்று மரியாதைக்காகச் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, லேத்துகளுக்கு நடுவே வெறுங்காலில் நடந்து வந்து என் மேஜைக்கு முன் நின்றார். பேசிக்கொண்டே இருந்தேன். தரையைப் பார்த்தால் கதவிலிருந்து மேஜை வரைக்கும் ரத்தக் காலடி. லேத்திலிருந்து விழுந்த இரும்புச் சுருள் ஒன்று, சுண்டுவிரல் நீளம், உள்ளங்காலில் ஏறிப் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. நான் காட்டின பிறகுதான் அவருக்கே தெரியும். காலைத் தூக்கி, அதைப் பிடுங்கி, எங்கே போடுவது என்று குப்பைக்கூடையைத் தேடினார்.

"வலிக்கலயா?"

"அதொண்ணும் இல்லீங்க."

இரும்பு மனுஷன் என்று அந்த நிமிஷமே வேலைக்குச் சேர்த்தேன். வருகிற வியாபாரிகளுக்கெல்லாம் எட்டு வருஷம் அந்தக் கதையைச் சொல்லி, ஜன்னலிலிருந்து அவரைக் காட்டினேன். வலி தெரியாத காலைப் பார்த்தவன் நான். அதை வீரம் என்று எடுத்துக்கொண்டு, அந்தக் காலையே நிற்கவைத்தவனும் நான்.

இதை வக்கீலம்மாவிடம் சொன்னேன். அந்தம்மா பேனாவை வைத்துவிட்டு யோசித்தது. "ஐயா, இது ரொம்ப முக்கியமான சாட்சி. ஆனா நீங்க ஏற்கெனவே திடகாத்திரம்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க. ரெண்டும் இடிக்கும். அன்னிக்கே தெரிஞ்சும் ஏன் பன்னெண்டு மணி நேரம் நிக்க வெச்சீங்கன்னு கேப்பாங்க. பதில் உங்க வாயால வரணும்" என்றது. என் பையன், "அப்பா, கம்பெனி பேரு கெட்டுப்போகுமுங்க. தொழிலாளியச் சித்திரவதை பண்ணுனாங்கன்னு எவனாவது எழுதுவான்" என்றான். இரண்டு பேரும் பேசி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நேற்று மனுவின் நகல் வந்தது. பேத்தி படித்தாள். "மனுதாரரின் கணவர் ஓய்வுக்குப் பின் ஒரு தனியார் நிறுவனத்தில் பணிபுரிந்தார்." அவ்வளவுதான். முதல் நாள் ரத்தத்தைப் பற்றி, "சேரும்போதே பாதத்தில் உணர்ச்சி குறைவாக இருந்ததாகத் தெரியவருகிறது." தெரியவருகிறதாம். யாருக்குத் தெரியவந்தது? யார் பார்த்தது? யார் நாற்காலியை எடுத்தது? ஒரு சின்னப் பெண் தடுத்தும் கேட்காமல் அந்தச் சான்றிதழை வாயால் சொல்லிச் சீல் குத்தினது யார்?

இந்த மலரைப் படிக்கிற எல்லோருக்கும், முக்கியமாக வக்கீலம்மாவுக்கும் என் பையனுக்கும் சொல்லிவைக்கிறேன். நான் செய்ததை என்னுடையதில்லை என்று எவனும் எழுதிவிட நான் விட்டதில்லை, இதையும் விடமாட்டேன். மனுவை மறுபடியும் டைப் அடியுங்கள். என் பெயர், என் அப்பா பெயர், கம்பெனி பெயர், கதவு எண், எல்லாம் முழுசாகப் போடுங்கள். சுருள் ஏறின காலை முதலில் பார்த்தவன் நான் என்று எழுதுங்கள். பார்த்தும் எட்டு வருஷம் நிற்கவைத்தது நான் என்று அதற்குக் கீழேயே எழுதுங்கள். ஏன் என்று கேட்டால் கூண்டில் ஏறி நின்று நானே சொல்லிக்கொள்கிறேன். அந்தம்மாவுக்கு வரவேண்டிய ஒரு வரிக்கு என் பங்கு இது. என் பங்கை என் பெயரில் எழுதுங்கள்.